தழைத்துரை பெட்டி

பாகூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர் நடத்தும் நகரசபை ஆபீசில், பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுவது என் உத்தியோகம். எழுதுவது பிரெஞ்சில். என் பிரெஞ்சு எப்படிப்பட்டது என்றால், செத்துப்போன பெரியவர் ஒருவரை ஒருமுறை மறுபடியும் பிறந்ததாக எழுதிவிட்டேன். அவர் வீட்டார் வந்து சண்டை போடவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டு ஜாதகம் கணிக்கப் போய்விட்டார்கள். ஆனாலும் வெள்ளைக்காரர் யாராவது ஊருக்குள் வந்தால் 'சாமிக்கண்ணுவைக் கூப்பிடு' என்பார்கள். மற்றவர்களுக்கு அந்த அளவுகூடத் தெரியாது என்பதுதான் என் தகுதி.

முப்பத்தாறாம் வருஷம் புரட்டாசி பிறந்த இரண்டாம் நாள், பாரீசிலிருந்து புதுச்சேரி வழியாக ஒரு கடிதம் மேரிக்கு வந்தது. மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் அது எங்கள் ஊர் உலகநாதன் அண்ணனுக்கு வந்த கடிதம் என்று புரிந்தது.

அண்ணன் அப்போது நடவுக்காக வரப்பில் அண்டை வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. மேலே புழுக்கம், மேற்கே மழை வருகிறேன் வருகிறேன் என்று பயம்காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பாரீசுலேர்ந்து காயிதம்."

"யாருக்குடா?"

"ஒனக்குத்தாங். சரியா சொன்னா, ஒம் பெட்டிக்கு."

மண்வெட்டியை அப்படியே வரப்பில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் மார்சான் என்று ஒரு துரை பாகூர் ஏரிக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு தங்கியிருந்தார். வரி வாங்கவில்லை, வேட்டையாடவில்லை. செடி செடியாகப் பறித்து, உலர்த்தி, தாளில் தைத்து, பெயர் எழுதி வைப்பதே வேலை. அவருக்குத் தழை பறித்துக் கொடுத்தவர் அண்ணனின் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன், முத்தையன். துரை மேலே பிரெஞ்சில் பெயர் எழுத, முத்தையன் கீழே தமிழில் எழுதுவார். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு செய்தார்கள். துரைக்குக் காய்ச்சல் கண்டு கப்பல் ஏறியபோது ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதை ஆறு தடித்த புத்தகங்களோடு ஒரு தேக்குப் பெட்டியில் போட்டு, 'திரும்பி வருவேன், பார்த்துக்கொள்' என்று முத்தையனிடம் கொடுத்துவிட்டுப் போனார். வரவில்லை. அவரைத் தழைத்துரை என்றும், பெட்டி இருந்த வீட்டைத் தழைவூடு என்றும் ஊர் சொல்ல ஆரம்பித்தது. வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்குப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சுண்டல் எல்லாம் உண்டு.

கடிதத்தை எனக்குத் தெரிந்த வரையில் தமிழாக்கினேன். செடி படித்த ஒரு வெள்ளைக்கார மதாம் வருகிறார். துரை எடுத்துப்போன பாதி பாரீசில் இருக்கிறது. இங்கே உள்ள பாதி துரை வைத்தது வைத்தபடியே இருக்குமானால், அதையும் கொண்டுபோய் அதன் பக்கத்தில் கண்ணாடிக்குள் வைப்பார்கள். முத்தையன் பெயரும் காப்பாற்றிய குடும்பத்தின் பெயரும் எழுதிப் பலகை மாட்டுவார்கள்.

"வெச்சது வெச்சபடி கீதுடா!" அண்ணன் கத்தியதில் கொக்குகள் எழுந்து பறந்தன. "ஒரு இலை மாறல. ஏழு தலமொற! முத்தையன், அவரு மவன் வேதகிரி, அவரு மவன்..."

அடுத்த வயலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த இருசப்பன், வம்ச வரலாறு முடியும் வரை பொறுக்கவில்லை.

"இன்னா உலகநாதா, காஞ்ச தழைக்கா இம்மாம் மரியாத? எங்கூட்டு எருமய கேட்டா வண்டி வண்டியா கொடுக்கும், பாரீசுக்கு ஏத்தியுடு."

"நீ பேசுவடா. ஒன் எருமைக்கு ஏழு தலமொற பேர் தெரியுமா?"

"அதுக்குத் தெரியும். எனக்குத்தாங் தெரியாது."

அன்று மத்தியானம் தழைவூட்டில் எனக்குக் கூழும் கருவாட்டுக் குழம்பும். தையலம்மாள் அண்ணி பரிமாறினார். அண்ணன் கடிதத்தை எட்டாவது முறையாக, நான் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"துரை வெச்சபடியேன்னா இன்னா தம்பி?" என்றார் அண்ணி.

"அதாங் அண்ணி. அவரு கையால தெச்ச அதே இலை. அத பூதக்கண்ணாடி வெச்சிப் பார்ப்பாங்க."

அகப்பை நின்றது. நிற்பதற்கு முன்னால் என் சட்டி நிரம்பி, கூழ் வழிந்து என் கால்வரை வந்துவிட்டது. அண்ணி கவனிக்கவில்லை. நானும் நல்ல பிள்ளையாகக் காலை இழுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் பிள்ளை இல்லை. மூன்று தங்கி, மூன்றும் நிலைக்கவில்லை. 'இன்னொண்ணு கட்டிக்கோ' என்று நெட்டப்பாக்கத்திலிருந்து அண்ணனின் அத்தை ஒருமுறை ஜாதகத்தோடு வந்தாள். அவள் வந்த வண்டியின் மாட்டை அவிழ்ப்பதற்கு முன்பே அண்ணன் திருப்பி ஓட்டிவிட்டார். 'எங்கூட்டுல பொம்பள கீறா, ஒருத்தி போதும்' என்றாராம். ஊர் இதை வெகுநாள் சிரித்துப் பேசியது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தான் இருபத்திரண்டு வருஷமாகத் தொங்கியது.

மறுநாள் காலை பங்காரு வாய்க்கால் ஓரமாக மேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணி துணி துவைக்காமல் துணிமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேட்டா யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லுங்க அண்ணி. நா சொன்னாலும் யாரு நம்பப்போறாங்க."

"அந்தத் தழைங்க... துரை வெச்சது இல்ல."

"பின்ன?"

"நா வெச்சது."

எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"அத்த, அதாங் அவரு அம்மா, சாவசொல்ல ஒண்ணே ஒண்ணுதாங் சொன்னாங்க. 'பூசைக்கு மின்ன பெட்டியத் தொற. பொடிஞ்சது எதுனா கீதான்னு பாரு. இருந்தா அதே தழைய புதுசா பறிச்சிக் காயவெச்சித் தெச்சிடு. வாடுன பூவ சாமிக்கு வெப்பியா?'ன்னாங்க. நாயந்தானே? நேத்து பூவ எடுத்துட்டுத்தானே இன்னிக்கி பூ வெக்கிறோம். வருசத்துக்கு அஞ்சி, ஆறு மாத்துவேங். அந்தப் புயலு வருசத்துல கூர ஒழுவி பெட்டிக்குள்ள தண்ணி பூந்துடுச்சி. அறுவது தாளு நனஞ்சிப்போச்சி, தம்பி. தாளக் காயவெச்சி எடுத்துட்டேங், தழை தேறல. அவரு கரும்பு ஆலைக்குப் போயிருந்தாரு. ஒரு மாசம், புல்லறுக்கப் போறேங் புல்லறுக்கப் போறேங்னு ஏரி முச்சூடும் அலஞ்சேங்."

"அறுவதும் கெடச்சிதா?"

"கெடைக்காம? எனக்குத் தாளத் தொட்டா அதுல இருந்த தழை தெரியும்." இது அவருக்கு ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. "அந்த மதாம் கண்டுபுடிச்சிடுவாங்க. ஊரே நிக்கும். இவரு நடுவுல நிப்பாரு. புள்ளையும் பெத்துக் குடுக்கல. பெட்டிய ஒண்ண நம்பிக் குடுத்தாரு, அதையும் கெடுத்துட்டேங்."

வாய்க்காலில் ஒரு தேங்காய்மட்டை மிதந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீதானே பேசப்போற? அவங்க கண்டுபுடிச்சாலும் நீ மாத்திச் சொல்லிடு தம்பி."

"அண்ணி, நா சரியா சொல்லணும்னு நெனச்சாலே மாறித்தாங் வரும். நீங்க கவலப்படாதீங்க."

வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் தவறாமல் காப்பாற்றக்கூடிய வாக்கு அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதாம் வந்தார். இருசப்பன் வண்டியில்தான் வந்தார். எருமையைப் பற்றிப் பேசியவன் முதல் ஆளாக வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான். ஐம்பது வயது, ஒல்லி, ஓலைத் தொப்பி, காலில் சேறு பட்ட சப்பாத்து. கழுத்தில் ஒரு கயிறு, அதில் பூதக்கண்ணாடி.

"இன்னாப்பா, அவுங்க ஊர்ல தாலிய கண்ணாடில செய்வாங்களா?" என்று இருசப்பன் என் காதில் கேட்டான்.

வாசல் முழுக்கக் கூட்டம். அண்ணன் வெளுத்த வேட்டி, சட்டை, வியர்வை. அண்ணி வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, வேகவைத்து இளநீரோடு வைத்தார். மதாம் மல்லாட்டையைத் தோலோடு கடிக்கப் போனார். அண்ணி ஒன்றை எடுத்து, உரித்து, அவர் உள்ளங்கையில் வைத்தார். அதற்குப் பிறகு மதாம் நிறுத்தவே இல்லை. முற்றத்தில் பாதி மல்லாட்டைத் தோல்.

அண்ணன் பெட்டியைத் திறந்தார். வசம்பு வாசனை எழுந்தது. முதலில் ஆறு புத்தகங்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் இருபது முப்பது வருஷத்துச் சந்தனம் காரைபோல் ஒட்டியிருந்தது. மதாம் ஒன்றைத் தடவிப் பார்த்து, யார் படிப்பார்கள் என்று கேட்டார்.

"யாரும் படிக்க மாட்டாங்க. எங்களுக்கு அதெல்லாம் சாமி," என்றார் அண்ணன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். இலைகளைப் பாரம் வைத்து அழுத்தியது அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் என்று வாய்க்கால் ஓரத்திலேயே என்னிடம் சொல்லியிருந்தார். ஐரோப்பாவின் அறிவெல்லாம் சேர்ந்து பாகூரில் தூதுவளையை நசுக்கிக்கொண்டிருந்தது.

பிறகு தாள்கள். நூற்று நாற்பது. அண்ணன்தான் புரட்டிக் காட்டினார். அவர் புரட்டுவதில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் காட்டினாலும், கால்வாசி தாண்டியதும் ஒரு இடத்தில் இரண்டு தாளைச் சேர்த்துத் தள்ளுவார். கட்டைவிரல் தடிப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

மதாம் நாலாவது தாளிலேயே அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். திருநீற்றுப்பச்சை. கண்ணாடியை எடுக்கவில்லை. குனிந்து முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது மணக்கிறது," என்றார். "நூற்று அறுபது வருஷத்து இலை மணக்காது. யார் இதை மாற்றியது?"

"இன்னாடா சொல்றாங்க?" என்றார் அண்ணன்.

"நல்லா கீதுன்றாங்க." மதாம் பக்கம் திரும்பி, பாகூர் காற்று மிகவும் விசேஷமானது என்று சொன்னேன். காற்றுக்கு விசேஷம் நடக்கப்போகிறது என்றும் நான் சொல்லியிருக்கக்கூடும். மதாம் புருவத்தை உயர்த்தினார். அடுத்த தாளுக்குக் கண்ணாடி வந்தது. அதற்கடுத்த தாளுக்கும். யார், யார் என்று மறுபடி கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். ஊர் என்னைப் பார்த்தது. இன்னொரு காற்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, போதும்," என்றார் அண்ணி.

மதாமுக்கு நேரே வந்து நின்றார். தன் மார்பில் ஒரு விரலை வைத்தார். பிறகு தாளைக் காட்டினார். ஊசி குத்தி நூல் இழுப்பதுபோல் கையை ஒருமுறை அசைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். அத்தை சொன்னதை, புயலை, அறுபது தாளை, புல்லறுக்கப் போன பொய்யை. கூட்டத்தில் மல்லாட்டை உடைக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அண்ணன் குனிந்து ஒரு தாளில் இருந்த நூலை விரலால் தடவிப் பார்த்தார்.

எனக்கு வந்த பிரெஞ்சில் அதைச் சொன்னதும் மதாம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார். களைத்துப்போன குரலில் ஏதோ சொன்னார்.

"இன்னா?" என்றார் அண்ணன், மிக மெதுவாக.

இந்தத் தடவை சரியாகச் சொன்னேன். "தொரை தழை ஒண்ணுகூட இல்லியாம்ண்ணே. தாளு மட்டுந்தாங் அவருது. கண்ணாடிக்குள்ள வெக்க முடியாதாம்."

இருசப்பன் தொண்டையைச் செருமினான். இப்போது எருமை வரப்போகிறது என்று நான் பயந்தேன். நல்லவேளை, அவன் துண்டை உதறிக்கொண்டு, "வெயிலு ஏறுது, கலைங்கப்பா," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். யாரும் கலையவில்லை. ஆனாலும் அவன் அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை.

மதாம் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். பிடித்தவர் அப்படியே வைத்திருந்தார். இலைக்காம்பைச் சுற்றித் தாள் முழுக்க ஊசித்துளை. மறுபடி கண்ணாடி ஏறியது. ஒவ்வொரு துளையாக எண்ணினார். இன்னொரு தாள். இன்னொன்று.

"எவ்வளவு வருஷமாக இவள் தைக்கிறாள்?"

"இருபத்திரெண்டு."

"இதோ பாருங்கள், இவளுடைய நூல் வெள்ளை. இந்தத் துளையில் ஒட்டியிருப்பது வாழைநார். இது ஏதோ சாயம் போட்ட நூல். இந்தத் தாள் ஆறு முறை தைக்கப்பட்டிருக்கிறது. ஆறும் வேறு வேறு கை."

சொன்னேன். அண்ணிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"வாழநாரா?" என்றார். "அத்ததாங் வாழநாருல கட்டுவாங்க. பூவும் அதுலதாங் கட்டுவாங்க." அப்புறம், "அப்ப அத்தைக்கு மின்ன?"

"அவுங்க அத்த," என்றேன்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. அழுகையும் இருந்தது, ஆனால் சிரிப்புதான் முதலில் வந்தது. "ஏழு தலமொறயும் ஆம்பளைங்கள ஏமாத்திக்கினு இருந்திருக்காங்க, பாத்தீங்களா," என்றார் அண்ணனிடம்.

மதாம் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பாரீசில் உள்ள பாதியைத் தாள் தாளாகப் பார்த்து வரைந்துவந்த படங்கள். தாளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அது முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. முதலில் நான் மொழிபெயர்த்தேன். பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. மதாம் படத்தைக் காட்டுவார். அண்ணி "கோவக்கொடி. பெருமாள் கோயில் பின்னால," என்பார். மதாம் ஏதோ லத்தீனில் சொல்வார். அண்ணி "ஆமா, அதாங்," என்பார். எனக்கு வேலை போய்விட்டது. நான் மல்லாட்டை தின்றேன்.

முப்பத்தாறு தாள் வரை ஒன்றுகூடப் பிசகவில்லை. "இவளுக்கு எழுத்துத் தெரியுமா?" என்று மதாம் கேட்டார். "கைநாட்டு," என்றேன். "இவள் மாமியாருக்கு?" "அவங்களுக்கும் இல்லை." மதாம் தொப்பியைக் கழற்றி வைத்தார். பாரீசில் உள்ள தழைகள் பழுப்பாகி உதிர்ந்துகொண்டிருக்கின்றன, அவற்றின் பச்சையை உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை என்றார்.

முப்பத்தேழாம் தாளை எடுத்தபோது அண்ணனின் கட்டைவிரல் தானாகவே வந்து இரண்டு தாளைச் சேர்த்துத் தள்ளியது. மதாம் திரும்ப எடுத்தார். படத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது தவறு."

அண்ணியின் முகம் செத்துப்போனது. "நா மாத்தலையே. அதுல இருந்தது இதாங். எனக்கு நல்லாத் தெரியும், வருசா வருசம் இதாங் வெக்கிறேங்."

நான் கீழே முத்தையன் எழுதியதைப் படித்தேன். கரிசலாங்கண்ணி. தாளில் இருந்தது நாயுருவி. எனக்கே தெரியும், வரப்பில் நடந்தால் வேட்டியெல்லாம் ஒட்டிக்கொள்ளும் அதே நாயுருவி.

"அவ மேல தப்பு இல்ல," என்றார் அண்ணன். கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "அது நா வெச்சது."

"நீங்களா?"

"பன்னண்டு வயசு. அம்மா இல்லாத நேரம் பெட்டியத் தொறந்து, ஒரு தாள எடுத்துகினு வாய்க்கா வரைக்கும் ஓடினேங், கூட்டாளிங்களுக்குக் காட்டலாம்னு. தழை பிச்சிகினு தண்ணில பூட்ச்சி. என் வேட்டில இது ஒட்டிகினு இருந்தது. அதப் பிச்சி அம்மா ஊசியில தெச்சி வெச்சிட்டேங். அம்மா இன்னிக்கி கண்டுபுடிப்பாங்க, நாளைக்கி கண்டுபுடிப்பாங்கன்னு பயந்துகினே இருந்தேங். அவங்க ஒண்ணுமே கேக்கல. தெரியலன்னு நெனச்சேங்." வேட்டி ஓரத்தைத் திருகிக்கொண்டே நின்றார். "வெச்சது வெச்சபடின்னு ஊரெல்லாம் சொன்னவங் நாந்தாங். கெடுத்ததும் நாந்தாங். தையலு, நீ எதுக்குத் தலய குனியிற?"

"அத்தைக்குத் தெரியாம இருக்குமா," என்றார் அண்ணி. "பெத்த புள்ள வெச்சதுன்னு உட்டிருப்பாங்க."

பெட்டி பாரீசுக்குப் போகவில்லை. மதாம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, காப்பாற்றியவர்களின் பெயரைச் சொல்லுங்கள், எப்படியும் பாரீசில் பலகை வைத்து எழுதுவேன் என்றார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "முத்தையன், வேதகிரி..." என்று தொடங்கினார். மதாம் கையைக் காட்டி நிறுத்தினார். தைத்தவர்களின் பெயர் வேண்டும் என்றார்.

"தையலம்மா," என்றார் அண்ணன். "எங்கம்மா வள்ளியம்மா. அவங்க மாமியாரு காசம்மா." அதற்கு மேல் யோசித்தார். மாட்டு வியாபாரியிடம்கூட ஏழு தலைமுறை ஒப்பிக்கிற மனிதருக்கு அதற்கு மேல் போகவில்லை. வாசலில் நின்ற கிழடுகளுக்கும் தெரியவில்லை. என் பதிவேட்டில்கூட இருக்காது. மதாம் மூன்று பெயரை எழுதி, அதற்குமேல் மூன்று வரியைக் காலியாக விட்டார். அப்புறம் அண்ணியோடு ஏரிக்கரைக்குக் கிளம்பினார், செடிகளை நின்ற இடத்தில் பார்க்க. அண்ணன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனார். யாருக்குப் பிடித்தார் என்று தெரியவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து சரஸ்வதி பூசை. நான் சுண்டலுக்காகப் போனேன், பக்தியும் கொஞ்சம் உண்டு. அண்ணன் பெட்டியைத் திறந்து தாளைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார், கட்டைவிரல் எங்கும் தாவவில்லை.

முப்பத்தேழாம் தாளில் கரிசலாங்கண்ணி இருந்தது, சின்ன வெள்ளைப் பூவோடு. பக்கத்திலேயே, அதே தாளில், வெள்ளை நூலில் இன்னொன்று. நாயுருவி. இந்த வருஷத்தில் பறித்தது, காம்பில் பச்சை இன்னும் போகவில்லை.

"அண்ணி, சரியானத வெச்சிட்டீங்க. அப்பறம் இது எதுக்கு?"

அண்ணி சுண்டலை என் கையில் கொட்டினார். இந்த முறை வழியவில்லை.

"அது பன்னண்டு வயசுப் புள்ள வெச்சது தம்பி. பயந்துகினே வெச்சிருக்குது," என்றார். "தூக்கிப் போட மனசு வருமா?"